தெரிவிக்கப்பட்டது: மாலை 4.10

முப்பத்தெட்டு மணி நேரம், முப்பது நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு அந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு எங்கள் ஆய்வகத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அந்த ரத்தத்தின் சொந்தக்காரர் தன் வீட்டுக் குளியலறை வாசலில், வாயில் பிரஷுடன், விழுந்தார். நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க மருத்துவமனை ஒரு குழு அமைத்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் குழு ஐந்து முறை கூடியது. ஐந்து முறையும் பிஸ்கட் நன்றாக இருந்தது.

குழுவுக்கு 'நோயறிதல் பாதுகாப்பு மற்றும் ஆராய்ச்சி இடைவெளிகளைக் கண்டறியும் குழு' என்று பெயர். கதவில் ஒட்டிய தாளில் அந்தப் பெயர் அடங்கவில்லை. 'குழு' மட்டும் கீழ் வரியில் அனாதையாக நின்றது.

நான் உறுப்பினர் இல்லை. குறிப்பெடுப்பவள். ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்த என்னைக் கூட்ட அறைக்கு மாற்றியபோது, வேதியியல் படித்தவள், தட்டச்சு வேகம் என்றெல்லாம் சொன்னார்கள். "வாயே திறக்க மாட்டா" என்று யாரோ சேர்த்ததும்தான் உத்தரவு கையெழுத்தானது.

அம்மா இதைப் பதவி உயர்வு என்று நம்பினாள்.

"பெரிய பெரிய ஆளுங்களோட ஒரே மேசையில உக்காருவியாடி?"

"மேசை ஓரத்துலம்மா."

"பேச வேண்டி வருமா?"

"வராது."

"அப்ப உனக்குன்னே செஞ்ச வேலை. கரண்ட் போனா ஈபி ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணச் சொன்னா, மெழுகுவர்த்தி தேடறவ நீ."

அம்மா சொல்வதில் பொய் இல்லை. என் வீட்டில் மெழுகுவர்த்தி எப்போதும் இருப்பில் உண்டு.

விழுந்தவர் பள்ளி வேன் ஓட்டுநர். ஐம்பத்து நான்கு வயது. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் எங்கள் மருத்துவமனையில் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும். பொட்டாசியம் என்ற உப்பை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். சிலருக்கு அளவுக்கு மீறி நிறுத்திவிடும். அதனால்தான் ஒன்பதாம் நாள் வந்து ரத்தம் கொடுக்கச் சொல்வது. அவர் சொன்னபடி ஒன்பதாம் நாள் வந்து கொடுத்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை.

பொட்டாசியம் ஐந்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஆறரைக்கு மேல் போனால் ஓட வேண்டும், ஏனென்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். அவருடையது ஏழு புள்ளி ஒன்று. யாரும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய இதயம் நின்றது. ஆம்புலன்ஸில் அதை மறுபடி ஓட வைத்தார்கள். மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில நிமிடங்களில் பாதி ஞாபகம் போய்விட்டது. இருபது வருடம் வேன் ஓட்டிய மனிதருக்கு இப்போது தன் வீட்டுத் தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

குழுவின் தலைவர் பெரிய டாக்டர். மாத்திரை எழுதியவர் அவரே. ரத்த முடிவு போய்ச் சேர வேண்டியதும் அவருக்கே. விஷயத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பதால் அவரையே விசாரிக்கச் சொன்னார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு நாற்காலியும் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது ஆள் தர மேலாளர். மருத்துவமனையில் எல்லாரும் அவரை 'நூறு மேடம்' என்பார்கள். கை கழுவுதல் நூறு சதவீதம், தீயணைப்புப் பயிற்சி நூறு சதவீதம், நோயாளி திருப்தி நூறு சதவீதம். இறந்துபோன நோயாளிகளையும் சேர்த்தா என்று ஒருமுறை ஒரு செவிலியர் கேட்டார். அவர் இப்போது இரவுப் பணியில் இருக்கிறார்.

மூன்றாவது ஆள் ஆலோசகர். ஆராய்ச்சி இடைவெளிகளைக் கண்டுபிடித்துத் தருவதே அவர் தொழில். வெளியிலிருந்து மடிக்கணினியுடன் வருவார். முதல் கூட்டத்தில் அவர் திரையில் ஒரு படம் போட்டார். ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகள் வரிசையாக நின்றன. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால் ஆபத்து நோயாளியைப் போய்ச் சேரும் என்று விளக்கினார்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "இதுல நாம எது? கட்டியா, ஓட்டையா?"

"நாம எல்லாருமே கட்டி சார்."

"அப்ப சரி."

அடுத்து ஆலோசகர் ஒரு விதி சொன்னார். 'யார்' என்று கேட்கக்கூடாது. 'ஏன்' என்று மட்டுமே கேட்கலாம். யார் என்று கேட்டால் பழி போடும் பண்பாடு வளரும், பாதுகாப்பு தேயும். நல்ல விதிதான். நானே அதைப் புத்தகத்தில் படித்து மதித்திருக்கிறேன். அந்த அறையில் அதைக் கேட்டதும் மூன்று பேர் மூச்சு விட்டது சத்தமாகவே கேட்டது. என்னுடையதையும் சேர்த்தால் நான்கு.

இரண்டாவது கூட்டத்துக்கு ஆய்வகத்தின் அபாய அளவுப் பதிவேடு வந்தது. உயிருக்கு ஆபத்தான முடிவு எது வந்தாலும் டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். அதெல்லாம் இந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். நூறு மேடம் அந்த வரியை வாசித்தார்.

"வெள்ளி, மாலை நாலு பத்து. பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்னு. பெரிய டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. திரும்பச் சொன்னாரா? ஆம்."

"எனக்கு யாரும் போன் பண்ணல," என்றார் பெரிய டாக்டர்.

"பதிவேட்டுல இருக்கு சார்."

"நான் இங்க இருக்கேனேம்மா, உயிரோட. பதிவேட்டையா கேக்கறீங்க? அன்னிக்கு மூணே முக்காலுக்கே நான் கார்ல ஏறிட்டேன். சனிக்கிழமை வெளியூர்ல கருத்தரங்கு."

"என்ன தலைப்பு சார்?" என்று ஆலோசகர் ஆர்வமாகக் கேட்டார்.

"நோயறிதலில் காலதாமதத்தைத் தவிர்ப்பது எப்படி."

யாரும் சிரிக்கவில்லை. நான் தலைப்பைக் குறித்துக்கொண்டேன்.

"உங்க மேல தப்புன்னு சொல்லல சார்," என்றார் நூறு மேடம்.

"அப்ப லேப் மேல சொல்றீங்களா?"

"ஐயோ. லேப் நூறு சதவீதம் சார். போன மாசம்தான் ஆய்வுக்கு வந்தவங்க பாராட்டிட்டுப் போனாங்க."

பெரிய டாக்டரின் கைபேசி மேசை மேல்தான் கிடந்தது. அதைத் திறந்து அன்று அழைப்பு வந்ததா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் அது 'யார்' என்கிற கேள்வியில் போய் முடியும். பண்பாடு கெடும். யாரும் அதைத் தொடவில்லை.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ரெண்டுமே உண்மைன்னு வெச்சுக்குவோமே. லேப் சொல்லியிருக்கு. சார் கேக்கல. அப்ப சொன்னதுக்கும் கேட்டதுக்கும் நடுவுல ஏதோ ஒரு இடைவெளி இருக்கு. இதப்பத்தி உலகத்துல யாரும் இதுவரைக்கும் ஆராயல. நான் தேடிப் பாத்துட்டேன்."

"அற்புதம்," என்றார் பெரிய டாக்டர்.

அது அறிக்கையில் நான்காவது ஆராய்ச்சி இடைவெளியாக ஏறியது. ஏற்றியவள் நான்.

பதிவேடு என் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. 4.10 என்பதில் இருந்த நான்கு, கவிழ்ந்த நாற்காலி மாதிரி இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் நான்கு அப்படித்தான். ஆசிரியர்கள் திருத்திப் பார்த்து விட்டுவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் இருந்த கிறுக்கல் என் கையெழுத்து.

அன்று மாலை ஆய்வகத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் அக்கா ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். அந்தப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்பதையும் சேர்த்து.

விஷயம் எளிமையானது. முடிவு வந்த பத்து நிமிடத்துக்குள் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. டாக்டர்கள் பத்து நிமிடத்துக்குள் போனை எடுப்பதில்லை என்பது இயற்கை. பதினைந்து, இருபது என்று உண்மையான நேரத்தை எழுதினால் சதவீதம் எழுபதுக்கு இறங்கும். இறங்கினால் நூறு மேடம் படியேறி வருவார். எனவே எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பதிவேட்டில் 'தெரிவிக்கப்பட்டது' என்று எழுதுவோம். 'திரும்பச் சொன்னார்' என்பதில் ஒரு டிக் போடுவோம். பிறகு போன் செய்வோம். பெரும்பாலும் செய்வோம்.

"அக்கா, அந்த ஏழு புள்ளி ஒன்னு..."

"தெரியும். அன்னிக்கு ட்யூட்டி சார்ட் போட்டதே நான்தான்."

"குழுவுல சொல்லிடவாக்கா?"

அவர் துணியைப் பிழிந்தார். "யாராவது கேட்டாங்களா?"

"யாருன்னு கேக்கக்கூடாதாம்."

"பாத்தியா. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது அதிகப்பிரசங்கித்தனம். உனக்குக் கைவந்த கலை ஒன்னு உண்டு, வாயை மூடிட்டு இருக்கறது. இன்னிக்குன்னு பாத்து அதை மறந்துடாத. நீ வாயைத் திறந்தா உன்னோட போகாது. இந்த லேப்ல பதினோரு பேர் அப்படித்தான் எழுதறோம்."

அவர் கெட்டவர் இல்லை. என் பையில் ஒரு ஆப்பிளைப் போட்டு அனுப்பினார்.

நடந்ததை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம் வேறொருவருக்குப் பொட்டாசியம் அதிகமாக வந்தது. ஓடிப்போய்ப் போன் செய்தேன். பெரிய டாக்டர் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். "ரத்த அணு குழாயிலேயே உடைஞ்சிருந்தா பொட்டாசியம் பொய்யா ஏறித்தான் காட்டும். அது தெரியாம போன் பண்றியே, உனக்கு யாரும்மா டிகிரி குடுத்தா?" அவர் அறையில் இருந்த நோயாளிகள் சிரித்தது எனக்குக் கேட்டது. அவர் சொன்னது சரிதான். அந்த ரத்தம் உடைந்துதான் இருந்தது.

ஓட்டுநரின் ரத்தம் வந்த வெள்ளிக்கிழமை அப்படி எதுவும் உடையவில்லை. மேலே தெளிந்து நின்ற நீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. சிவப்பின் சாயல்கூட இல்லை. பரிசோதனையை இரண்டாம் முறை ஓட்டினேன். மறுபடி ஏழு புள்ளி ஒன்று. பதிவேட்டில் எழுதினேன். டிக் போட்டேன். டாக்டரின் அறை எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று முறை மணி அடித்தது. நாலாவது மணிக்கு முன் நானே வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவருடைய கைபேசி எண் எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. கணினியில் சிவப்பு எழுத்தில் தெரியும், அவரே பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். நாலரைக்குப் பணி முடிந்தது. நாலே முக்கால் பஸ் எனக்குக் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.

மூன்றாவது கூட்டத்திலிருந்து குழு வீட்டுப் பக்கம் திரும்பியது. லேப் நூறு சதவீதம், டாக்டருக்குச் செய்தி வரவில்லை, இரண்டுமே உண்மை. மீதி இருப்பது நோயாளியின் வீடு மட்டும்தான்.

"நான் எழுதினது சின்ன டோஸ்," என்றார் பெரிய டாக்டர். "இதுக்கு ஏழு வரைக்கும் போகாது. வீட்டுல ரெண்டு ரெண்டா குடுத்திருப்பாங்க."

"வீட்டுல மருந்து குடுக்கறது யாரு?" என்று கேட்டார் ஆலோசகர். 'யார்' என்ற கேள்வி மருத்துவமனை வாசலுக்கு உள்ளேதான் தடை போலிருக்கிறது.

"பொண்ணு," என்றார் நூறு மேடம். "கிழமைக்கு ஒன்னா ஏழு மூடி போட்ட டப்பால அதுதான் எடுத்து வைக்குதாம்."

இந்த மாத்திரை சரியான அளவிலேயே சிலருக்கு இப்படிச் செய்யும். அதற்காகத்தானே அந்த ரத்தப் பரிசோதனையே. இந்த வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. பிறகு, பழக்கப்பட்ட வழி என்பதால், தானாகவே திரும்பி இறங்கிவிட்டது.

ஐந்தாவது கூட்டத்தில் அறிக்கை முடிந்தது. மொத்தம் பதினான்கு இடைவெளிகள். முதன்மையானது, 'இல்லப் பராமரிப்பாளர்களின் மருந்தளவுப் பிழைகள்.' ஆலோசகர் அதை ஒரு மாநாட்டில் வாசிக்கப் போகிறார். மகள் 'பராமரிப்பாளர் 1' ஆகியிருந்தாள். அவளை வரவழைத்து ஒரு தாளில் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். முடிந்தால் ஒரு விழிப்புணர்வு வீடியோவும் எடுக்கலாம் என்று நூறு மேடம் சொன்னார். 'நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்' என்று அவளே தன் வாயால் சொன்னால் மனதில் தைக்கும் என்பது அவர் கருத்து.

மறுநாள் அறிக்கையை நகலெடுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையின் நகல் இயந்திரம் பழுது. "எதிர்க்கடையில ஏழு காப்பி போட்டு ஸ்பைரல் பண்ணிட்டு வா," என்றார் நூறு மேடம்.

எதிர்க்கடை சிறியது. இரண்டு நகல் இயந்திரம், ஒரு மேசை, சூடான காகித வாசனை. இயந்திரத்தின் பின்னால் என் வயதில் ஒரு பெண். மேசை முன்னால் ஒரு பெரிய உருவம் உட்கார்ந்து, வெளியே விழும் தாள்களை வாங்கித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தது. தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது, வருடக்கணக்காக ஸ்டீயரிங் பிடித்த தோள்கள்.

"அப்பா, பதினொன்னுக்கு அடுத்து பன்னெண்டு."

"பன்னெண்டு," என்றார் அவர். பதினான்கை வைத்தார். அவள் அதை எடுத்து மாற்றினாள். அவர் கவனிக்காத நேரமாகப் பார்த்து மாற்றினாள்.

நோயாளியின் எண்ணை எனக்குத் தெரியும். ரத்தத்தைத் தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

தாள்களைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் முதல் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்துவிட்டாள். நகல் கடையில் வேலை செய்பவர்கள் எதையும் படிப்பதில்லை என்று நாம் நம்புகிறோம். படிக்கிறார்கள். ஆறாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

"மேடம், பராமரிப்பாளர் ஒன்னுன்னா யாரு?"

நான் பர்ஸைத் திறந்து சில்லறை தேடினேன்.

"ஐம்பத்து நாலு வயசு, வாகன ஓட்டுநர்னு போட்டிருக்கு. அப்ப அது நான்தான், இல்ல?" அவள் குரல் ஏறவில்லை. "நாளைக்கு மூணு மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு சொல்லல. இப்ப புரியுது."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து, வாடிக்கையாளருக்குச் சில்லறை தருவது போல் என் முன்னால் வைத்தாள். ஒன்றில் பத்துக் குழியும் காலி. மற்றொன்றில் பத்தும் பிரிக்கப்படாமல் இருந்தன.

"உங்க ஆஸ்பத்திரிலதான் வாங்கினேன். இருபது. ஒரு நாளைக்கு ஒன்னு. வியாழக்கிழமை ஆரம்பிச்சோம், அடுத்த வாரம் சனிக்கிழமை பத்தாவது. ஞாயித்துக்கிழமை விழுந்துட்டார். ரெண்டு ரெண்டா குடுத்திருந்தா இந்த அட்டை எப்படிம்மா முழுசா இருக்கும்? ஆஸ்பத்திரில மாத்திரை டப்பாவைப் பத்தி விசாரிச்சதுலேர்ந்து ராத்திரியெல்லாம் எண்ணிப் பாக்கறேன். எங்கம்மா போன பிறகு எல்லாம் நான்தான். ஒருவேளை பழைய மாத்திரையை ரெண்டு போட்டுட்டேனோன்னு அதையும் எண்ணினேன். அதுவும் சரியாத்தான் இருக்கு. ஆனா டாக்டருங்க சொன்னா சும்மா சொல்வாங்களா? எங்கயோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்."

ஐந்து கூட்டங்களில் ஒரு குழு செய்யாத ஆராய்ச்சியை அவள் இரண்டு மாத்திரை அட்டையை வைத்து முடித்திருந்தாள். முடிவை மட்டும் தன் மேலேயே எழுதிக்கொண்டாள்.

"ஏழு காப்பியா மேடம்?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"பக்கம் பதினொன்னு மங்கலா விழுது. திரும்பப் போட்டுத் தரேன்." பதினோராம் பக்கத்தில் இருந்தது பதிவேட்டின் படம். அவள் கண்ணாடியைத் துடைத்து, மூடியை அழுத்திப் பிடித்து, மறுபடி எடுத்தாள். இந்த முறை என் நான்கு பளிச்சென்று விழுந்தது.

ஆறாவது கூட்டம் மூன்று மணிக்கு. அவள் இரண்டே முக்காலுக்கே வந்து கதவருகே நின்றாள். கையில் உறை, ஏழு மூடி டப்பா. அப்பாவைக் கடை முதலாளியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நூறு மேடம் அவளுக்குத் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். நோயாளி குடும்பத்தை மரியாதையாக நடத்துதல், நூறு சதவீதம்.

"பயப்படாதம்மா," என்றார் பெரிய டாக்டர். "இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம். இது கத்துக்கறதுக்கான இடம். நீ வேணும்னு செய்யலன்னு எங்களுக்குத் தெரியும்."

"நான் என்ன செஞ்சேன்னு சொல்லுங்க சார்."

"மாத்திரை கொஞ்சம் கூடுதலா போயிருக்கு. சகஜம். வீட்டுல நடக்கறதுதான்."

அவள் அட்டைகளை மேசையில் வைத்தாள். கடையில் என்னிடம் சொன்னதைத் தேதி வாரியாகச் சொன்னாள். ஆலோசகர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல முயற்சிம்மா. ஆனா இது ஒரே ஒரு வீட்டோட தகவல். இதை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது."

"நானும் ஒரே ஒரு அப்பாவைப் பத்தித்தான் சார் கேக்கறேன்."

ஆலோசகர் அட்டையை மெல்லக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்தாங்க," என்றாள் அவள். "சாயங்காலம் ரிசல்ட் வரும், ஏதாவதுன்னா போன் வரும்னு கவுன்டர்ல சொன்னாங்க. போனைக் கையிலயே வெச்சிருந்தேன். வரல. நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? அதனாலதான் சனிக்கிழமையும் குடுத்தேன். அந்த ரிசல்ட் என்ன ஆச்சு?"

"அது உரிய நேரத்துல தெரிவிக்கப்பட்டிருக்கும்மா," என்றார் நூறு மேடம்.

"யாருக்கு?"

நூறு மேடம் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் அறிக்கையைப் புரட்டினார்.

"அது... நாலாவது இடைவெளில வருது."

"எனக்குப் புரியல சார். இடைவெளின்னா என்ன? போன் பண்ணாங்களா, பண்ணலியா?"

"அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாதும்மா," என்றார் பெரிய டாக்டர். குரல் அன்பாகவே இருந்தது. "இன்னும் நிறைய ஆராய்ச்சி தேவைப்படுது. இப்போதைக்கு நீ இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடு. உங்கப்பாவால நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும்."

தாள் அவள் முன்னால் நகர்ந்தது. வீட்டில் மருந்தளவில் பிழை நேர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அவள் பேனாவை எடுத்தாள். "அப்ப நான்தான். சரி. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். அவருக்கு மறந்துடும், தினமும் சொல்லணும்." பேனா மூடியைத் திறந்தாள்.

என் விரல்கள் நின்றுவிட்டன. ஆறு கூட்டமாக அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது போலும். நின்ற பிறகுதான் எல்லாருக்கும் அது கேட்டது. பெரிய டாக்டர் திரும்பினார். நூறு மேடம் திரும்பினார். மேசை ஓரத்தில் நான் இருப்பதை அப்போதுதான் பார்த்தது போலப் பார்த்தார்கள்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் நின்னுடுச்சா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவளும் நிமிர்ந்தாள். அவளைப் பார்த்துதான் மீதியைச் சொன்னேன். மற்றவர்களைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அன்னிக்கு லேப்ல இருந்தது நான். நாலு பத்துக்கு யாருக்கும் எதுவும் தெரிவிக்கல. தெரிவிச்சதா எழுதிட்டுத்தான் போனையே எடுத்தேன். மூணு தடவை மணி அடிச்சுது, பயந்துட்டு நானே வெச்சுட்டேன், திரும்பக் கூப்பிடல. உங்க எண்ணிக்கை சரி. மாத்திரை பத்துதான். பத்தாவதைக் குடுக்க வேண்டாம்னு உங்களுக்கு வந்திருக்க வேண்டிய போன், என்கிட்டதான் நின்னுது."